‘நிலை 2’ என்று ஒரு தாள் வந்திருக்கிறது, டீச்சர்

கேள்வி: வணக்கம் டீச்சர். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். கணவர் குலை வெட்டுகிறார், நான் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மூத்த மகன் ஜனவரியில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தான். வகுப்பில் மொத்தம் எட்டுப் பிள்ளைகள். அரையாண்டு ஆகிவிட்டது. தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. தமிழுக்கு ‘நிலை 2’ என்று ஒரு தாள் மட்டும் வந்தது. வீட்டுப்பாடமும் அதிகம் இல்லை. என்ன படித்தாய் என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறான். கொடுத்தனுப்புகிற இரண்டு வெள்ளி (ரிங்கிட்) பல நாள் அப்படியே திரும்பி வருகிறது. பசியோடு வந்து சோற்றில் விழுகிறான். நாத்தனார் மகள் பட்டணத்துச் சீனப்பள்ளியில் படிக்கிறாள், பக்கம் பக்கமாக வாசிக்கிறாள். மாமியார் இவனையும் அங்கே மாற்றச் சொல்கிறார். இவன் எழுத்து எவ்வளவு மோசம் என்று நீங்களே பார்க்க, நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். முதலாம் ஆண்டில் நாங்கள் என்னதான் எதிர்பார்க்க வேண்டும்?

பதில்: வணக்கம் அம்மா. உங்களை வருத்துவது ‘நிலை 2’. என் கண்ணில் முதலில் பட்டது இரண்டு வெள்ளி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் 31 ஆண்டு தமிழ்ப்பள்ளிகளில் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடுதான். ஓய்வு நேர மணி அடித்ததும் பெரிய பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளையாவது தூணோரமாக நின்றுவிடும். கையில் வெள்ளித் தாள் எட்டாக மடிந்து, வியர்வையில் ஊறி, புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கியிருக்கும். வரிசை எங்கே தொடங்குகிறது என்று அதற்குத் தெரியாது. தெரிந்து போய் நின்றாலும் நான்காம் ஆண்டு அண்ணன்மார்கள் முன்னால் புகுந்துவிடுவார்கள். ஒருவழியாக மேசையை எட்டிவிட்டால், “உனக்கு என்ன வேண்டும்?” என்று அங்கிருக்கும் அக்கா கேட்பார். வீட்டில் அந்தக் கேள்வியை அதனிடம் யாரும் கேட்டதில்லை. தட்டில் போட்டதைத் தின்று வளர்ந்த பிள்ளை. மீ என்று சொல்வதா, நாசி லெமாக் என்று சொல்வதா, கையில் இருக்கும் காசு போதுமா, மீதி எவ்வளவு வரும்? யோசித்து முடிப்பதற்குள் இருபது நிமிடம் ஓடிவிடும். மணி அடித்துவிடும்.

உங்கள் மகனும் அந்தத் தூணோரத்தில்தான் நிற்கிறான் என்று நினைக்கிறேன். யாராவது காசைப் பிடுங்கியிருந்தால் அது திரும்பி வந்திருக்காது. ஆகவே பகடிவதை என்று உடனே பயப்பட வேண்டாம். ஆனால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருவனைத் துணைக்கு அனுப்பினால் ஒரு வாரத்தில் பழகிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு அழைத்துப் போய் அவனையே காசு கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள், வாயைத் திறக்காதீர்கள். இரண்டாவதுதான் கடினம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், முதலாம் ஆண்டுக் கணிதத்தில் எண்கள் 100 வரைக்கும், பணம் 10 ரிங்கிட் வரைக்கும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. நோட்டில் அவன் எழுதும் கணக்கும் தூணோரத்தில் போடும் கணக்கும் ஒன்றுதான். அதற்கு மேல், வரிசையில் நிற்பது, தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்பது, முன்னே புகுந்தவனிடம் “நான்தான் முதலில் வந்தேன்” என்று சொல்வது, சப்பாத்துக் கயிற்றைத் தானே கட்டுவது, கழிவறைக்குப் போகக் கை தூக்குவது எல்லாம் இந்த ஆண்டின் பாடங்கள். இவற்றுக்குப் பாடநூல் கிடையாது. இவை வராத பிள்ளைக்கு எழுத்தும் வருவதில்லை. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காதில் ‘ஞ’ ஏறாது.

இப்போது உங்கள் ‘நிலை 2’.

நீங்களும் நானும் மதிப்பெண்ணில் வளர்ந்தவர்கள். ஆறாம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். என்ற மலையைப் பார்த்துக்கொண்டே முதலாம் ஆண்டிலிருந்து நடந்தவர்கள். அந்தத் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்கும் முன்பே, 2019 முதல், முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தேர்வே இல்லை என்று ஆகிவிட்டது. இப்போது இருப்பது வகுப்பறை மதிப்பீடு. பிள்ளை வாசிப்பதை, பேசுவதை, எழுதுவதை ஆண்டு முழுவதும் ஆசிரியர் கவனித்துக் குறித்துக்கொண்டே வருவார். அரையாண்டில் ஒரு முறை, ஆண்டு முடிவில் ஒரு முறை பெற்றோருக்கு அறிக்கை வரும். அதில் 1 முதல் 6 வரை அடைவுநிலை போட்டிருக்கும்.

பல பெற்றோர் இதை ஆறுக்கு எத்தனை என்று படிக்கிறார்கள். ‘ஆறுக்கு இரண்டுதானா!’ என்று நெஞ்சில் கை வைக்கிறார்கள். அது மதிப்பெண் இல்லை அம்மா, படிக்கட்டு. முதல் நிலை என்றால் பிள்ளைக்கு அது தெரியும். இரண்டாம் நிலை என்றால் தெரிந்ததோடு புரிந்தும் இருக்கிறது. மூன்றாம் நிலை என்றால் புரிந்ததைச் செய்யவும் முடிகிறது. குறைந்த அளவாக எட்ட வேண்டிய படி இதுதான். நான்காவதிலிருந்து, சொல்லிக்கொடுத்த ஒழுங்கில் செய்வது, புதிய இடத்தில் பயன்படுத்துவது, மற்றவர்களுக்கு முன்மாதிரியாக நிற்பது என்று ஏறிக்கொண்டே போகும். ஆறாம் நிலை எளிதில் கிடைப்பதில்லை. ஆறு இல்லையென்று அழுவது, கோயில் தேரோட்டத்தில் என் பிள்ளை தேர்மேல் உட்காரவில்லையே என்று அழுவது போல.

ஆக, அரையாண்டில் தமிழில் இரண்டாம் நிலையில் இருக்கும் பிள்ளை தோற்றுப் போனவன் அல்லன். எழுத்தைப் பார்த்தால் அடையாளம் தெரிகிறது, ஓசை புரிகிறது, சேர்த்துச் சொல்லாக்கத் தடுமாறுகிறான். ஜூன் மாதத்தில் நான் பார்த்த பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். ஆண்டு முடிவில் மூன்றை எட்டவில்லை என்றால் அப்போது பேச வேண்டும்.

ஆசிரியரிடம் போகும்போது ‘ஏன் இரண்டு போட்டீர்கள்?’ என்று கேட்டால் அவர் தற்காப்புக்கு இறங்கிவிடுவார். ‘எதைத் தனியாகச் செய்கிறான், எதற்கு உங்கள் கை தேவைப்படுகிறது?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஆசிரியர் நோட்டை எடுத்து விரித்துக் காட்டுவார். காலை ஏழேகால் மணிக்கு வாசற்கதவில் பிடித்துக் கேட்காதீர்கள். ஒரு கையில் சாவி, மறு கையில் அழும் பிள்ளை என்று நிற்பார். இரவு பதினொரு மணிக்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எல்லாரும் பார்க்கும்படி கேட்பது அதைவிட மோசம். ஒரு நாள் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பள்ளி முடிந்த பிறகு போங்கள்.

எழுத்து ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்று கேட்பீர்கள். அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் முதுகில் இருக்கும் சுமையை வெளியே இருப்பவர்கள் பார்ப்பதில்லை.

ஏழு வயதுப் பிள்ளை ஒரே ஆண்டில் மூன்று மொழிகளில் எழுதப் பழகுகிறது. தமிழில் 247 எழுத்து. அதில் ‘கெ’ என்று எழுதும்போது கொம்பை முதலில் போட வேண்டும், ஓசையில் அது பின்னால் வரும். ‘கொ’ என்றால் முன்னாலும் ஒன்று பின்னாலும் ஒன்று. கண் ஒரு வரிசையில் பார்க்கிறது, காது வேறு வரிசையில் கேட்கிறது. இது பிடிபட மாதக்கணக்கில் ஆகும். பிறகு மலாயும் ஆங்கிலமும். இரண்டுக்கும் ஒரே எழுத்துகள், ஓசைகள் வேறு. சி, ஏ, டி என்ற மூன்று எழுத்தை எட்டு மணிக்கு ஆங்கிலப் பாடத்தில் ‘கேட்’ என்று வாசித்தால் பூனை. பத்து மணிக்கு மலாய்ப் பாடத்தில் அதையே ‘சாட்’ என்று வாசித்தால் சாயம். ஏ, ஐ, ஆர் என்ற மூன்றும் ஆங்கிலத்தில் காற்று, மலாயில் தண்ணீர். ஒரு முறை என் வகுப்பில் ஒரு பையன், “டீச்சர், இந்த எழுத்து இன்னும் முடிவு செய்யவில்லையா?” என்று கேட்டான். அவனுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கேள்வி நினைவிருக்கிறது.

எண்ணிலும் அப்படித்தான். ஒன்று முதல் நூறு வரை பாட்டுப் போலச் சொல்லும் பிள்ளையை நம்பிவிடாதீர்கள். எண்பத்தொன்பதில் நிறுத்தி அடுத்தது என்னவென்று கேளுங்கள். பல பிள்ளைகள் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். ‘எட்டு’க்கு ‘எண்பது’ என்றால் ‘ஒன்பது’க்கு என்ன வர வேண்டும்? ‘தொண்ணூறு’ என்று வருவதில் அந்தப் பிள்ளைக்கு ஒரு நியாயமும் தெரியாது. என் வகுப்பில் ஒரு பெண் ‘ஒன்பதுபது’ என்றாள். பிழைதான், ஆனாலும் எனக்கு மகிழ்ச்சி. அவள் மனப்பாடத்தை விட்டுவிட்டு முறையைத் தேடத் தொடங்கிவிட்டாள் என்று அந்தச் சொல் காட்டிக்கொடுத்தது.

அந்தக் காலத்தில் ரப்பர் விதைகளை ஒரு பால் டின் நிறைய வைத்திருப்பேன். பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுவோம். எந்த இரண்டு விதைக்கும் புள்ளிகள் ஒன்றாக இருக்காது. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த விதைக்குப் பெயரே வைத்துவிடுவார்கள். இப்போது உங்கள் பக்கம் ரப்பர் அநேகமாக அழிந்து செம்பனையாகிவிட்டது. பரவாயில்லை, புளியங்கொட்டை இருக்கிறது, கொண்டைக்கடலை இருக்கிறது. ‘வகுப்பில் காகிதம் வெட்டுகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள்’ என்று நாம் குறையாகச் சொல்வதும் இந்த விதை விளையாட்டுப் போன்றதுதான். கத்தரி பிடித்த விரலுக்குப் பென்சில் பிடிப்பது எளிது. ஆத்திசூடியைப் பாடிய நாக்குக்கு ர, ற, ல, ள, ழ பிரித்துச் சொல்வது எளிது.

வீட்டுப்பாடம் குறைவு என்கிறீர்கள். ஏழு வயதுக்கு அரை மணி நேரம் போதும், அதுவும் தினமும் ஒரே நேரத்தில். நீங்கள் மாலை வேலையில் இருந்தால் பாட்டி பக்கத்தில் உட்காரட்டும். பாட்டிக்குப் படிக்கத் தெரியாவிட்டால் இன்னும் நல்லது, அவன் வாசித்துக் காட்டுவான். திருத்துவதற்கு ஆளில்லாமல் தைரியமாக வாசிப்பான். ‘என்ன படித்தாய்?’ என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளையும் பதில் சொல்லாது. எங்கள் அப்பா வேலையிலிருந்து வந்ததும் ‘இன்றைக்கு என்ன வெட்டினீர்கள்?’ என்று கேட்டால் அவரும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்லியிருப்பார். ‘இன்று யார் பள்ளிக்கு வரவில்லை?’ என்று கேட்டுப் பாருங்கள், ‘டீச்சர் யாரை அதட்டினார்?’ என்று கேட்டுப் பாருங்கள். கதை தானாக அவிழும், பாடமும் அதன் பின்னால் வந்துவிடும்.

இன்னொன்றை எதிர்பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் அழுத பிள்ளை பிப்ரவரியில் சிரித்துக்கொண்டே போகும். இனிமேல் கவலை இல்லை என்று நாம் நினைத்திருக்கும்போது ஜூலை வாக்கில் ஒரு திங்கட்கிழமை, ‘வயிறு வலிக்கிறது, பள்ளிக்குப் போகவில்லை’ என்று படுத்துக்கொள்ளும். நான் இதை இரண்டாவது அழுகை என்பேன். புதுமை தீர்ந்துவிட்டது, புத்தகப்பை கனக்கிறது, இது தினமும் வருகிற வேலை, ஆறாம் ஆண்டு வரைக்கும் முடியாது என்று பிள்ளைக்கு அப்போதுதான் உறைக்கிறது. ஓரிரு வாரத்தில் போய்விடும். அந்த நேரத்தில் வீட்டில் நிறுத்திவைக்காதீர்கள். உறவினர் கல்யாணம், பக்கத்துத் தோட்டத்துத் திருவிழா, மழையில் செம்மண் பாதை வழுக்குகிறது என்று நம் பிள்ளைகள் எடுக்கும் விடுப்பு அதிகம். ஒரு நாள் போனால் என்ன என்று நமக்குத் தோன்றும். ‘ங’ வரிசை சொல்லிக்கொடுத்த நாளில் வராத பிள்ளைக்கு அந்த வரிசையே ஓட்டையாக இருக்கும், இரண்டாம் ஆண்டில்தான் அது தெரியவரும்.

எட்டுப் பிள்ளைகள் என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் ஆள்களை மேற்பார்க்கும் கங்காணியும் பாடம் சொன்ன கொட்டகைகளிலிருந்து வந்தவர்கள் நாம், சின்னப் பள்ளி நமக்குப் புதிதில்லை. இன்றைக்கும் 150 மாணவருக்குக் குறைவாக உள்ள பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அமைச்சு தனியாக வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் பல அந்த வகைதான். எட்டுப் பேர் என்றால் ஆசிரியர் தினமும் ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். முப்பத்தைந்து பேர் வகுப்பில் அந்த முறை வர ஒரு வாரம் ஆகும். சின்னப் பள்ளியில் இழப்பும் உண்டு, மறைக்க மாட்டேன். பந்து விளையாட இரண்டு அணி சேராது. ஓர் ஆசிரியர் நான்கு பொறுப்பைச் சுமப்பார், கூட்டத்துக்குப் போன நாளில் வகுப்பு அல்லாடும். மொத்த எண்ணிக்கை முப்பதுக்குக் கீழே போய்விட்டால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பாக இணைத்துவிடுவார்கள்.

சீனப்பள்ளி பற்றி மாமியாரிடம் என்ன சொல்வது? அங்கே நல்ல கட்டொழுங்கு இருக்கிறது, நன்றாகப் படித்து வந்த நம் பிள்ளைகளை நான் அறிவேன். நாத்தனார் மகள் பக்கம் பக்கமாக வாசிப்பதில் அவளுடைய உழைப்பும் அவள் அம்மாவின் உழைப்பும் இருக்கும். ஆனால் அவள் ஜனவரியில் எல்லாரோடும் சேர்ந்து தொடங்கியவள். உங்கள் மகன் ஆண்டின் நடுவில் போனால், மூன்று மொழியோடு நான்காவதாக ஒரு மொழியை, மற்றவர்கள் ஆறு மாதம் ஓடிய பிறகு தொடங்குவான். வீட்டில் அந்த எழுத்தை வாசித்துச் சொல்ல ஆள் உண்டா? இல்லையென்றால் மாதாமாதம் டியூஷனுக்கும், தினமும் பட்டணம் போகிற வேனுக்கும் யார் கொடுப்பது? நாற்றை வேர் பிடிக்கிற வாரத்தில் பிடுங்கி வேறு பாத்தியில் நடுவதில்லை. இந்த ஆண்டு அசைக்காதீர்கள் என்பது என் திடமான கருத்து. மாமியாருக்குக் கோபம் வந்தால் டீச்சர் சொன்னார் என்று என்மேல் போட்டுவிடுங்கள்.

பள்ளி உங்களுக்கு என்ன தர வேண்டும் என்பதையும் கேட்டு வாங்குங்கள், கூச்சம் வேண்டாம். முதலாம் ஆண்டு முதல் எல்லா மாணவருக்கும் பள்ளித் தொடக்க உதவியாக 150 ரிங்கிட் உண்டு. 2023 முதல் இதற்கு வருமான வரம்பு இல்லை. பாடநூல்கள் இரவல் திட்டத்தில் இலவசமாக வரும், ஆண்டு முடிவில் கிழியாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும், அட்டை போட்டுவிடுங்கள். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆர்.எம்.தி. என்ற உணவுத் திட்டம் இருக்கிறது. உங்கள் மகன் அதில் இருக்கிறானா என்று கேளுங்கள்; இருந்தால் தினமும் வரிசைக் குழப்பம் இல்லாமல் பசியாறுவான். சுகாதாரக் குழு பள்ளிக்கு வந்து தடுப்பூசி போடும், பல் பார்க்கும். இசைவுப் படிவத்தைப் பையின் அடியில் கசங்க விடாமல் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு இருவரில் ஒருவராவது போங்கள். சின்னப் பள்ளியில் ஒரு குரலுக்கு எடை அதிகம்.

எதற்குக் கவலைப்பட வேண்டும்? கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறானா, நோட்டின் மேல் மூக்கு படும்படி குனிகிறானா, கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். பின்னால் இருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பவில்லையா, காதைப் பாருங்கள். மூன்றாம் ஆண்டு வரை ‘மந்தம்’ என்று பெயர் வாங்கிய ஒரு பெண்ணுக்குக் கண்ணாடி போட்ட அன்றே பாதிப் பிரச்சினை தீர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவள் மூன்று ஆண்டு என் பள்ளியில்தான் இருந்தாள். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆண்டு முடிந்தும் ஓசையும் எழுத்தும் சேரவில்லை என்றால் குறைநீக்கல் வகுப்பு உங்கள் பள்ளியில் உண்டா என்று கேளுங்கள். அந்தப் பெயரைக் கேட்டு வெட்கப்படும் பெற்றோர் உண்டு. கால் சுளுக்கினால் எண்ணெய் தேய்ப்பதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை.

கடைசியாக நீங்கள் அனுப்பிய படம். மோசமான எழுத்துக்குச் சான்றாக அனுப்பினீர்கள். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு முறை பார்த்தேன். மேலே நான்கு வரி ‘அம்மா’ எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வரி சரி, மூன்றாவது வரியில் துணைக்கால் விடுபட்டு ‘அம்ம’ ஆகிவிட்டது, நான்காவதில் மறுபடி வந்துவிட்டது. கை களைத்திருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தின் அடியில், கோட்டைத் தாண்டி, ஒரு வண்டி வரைந்திருக்கிறான். பின்னால் உருண்டை உருண்டையாகச் செம்பனைக் குலைகள். நீங்கள் இதைக் கிறுக்கல் என்று விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. வண்டியின் பக்கவாட்டில் இரண்டு எழுத்து இருக்கிறது, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘லொரி’ என்று எழுதியிருக்கிறான்.

இரட்டைக்கொம்பு போட வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு போட்டிருக்கிறான், அது பிழைதான். ஆனால் அம்மா, முதலாம் ஆண்டு ஜூனில் ‘லோரி’ எழுத யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். கொம்பு முன்னால், கால் பின்னால் என்று அந்தக் கடினமான எழுத்தைத் தானே ஓசையைக் கேட்டுக் கட்டியிருக்கிறான். அப்பா வெட்டிய குலை ஏறும் வண்டிக்குப் பெயர் எழுத வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது, எழுதிவிட்டான். வகுப்பாசிரியரைப் பார்க்கப் போகும்போது அறிக்கைத் தாளோடு இந்தப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். இன்று இரவு அவனிடம் பிழையைச் சொல்லாதீர்கள். அந்த லோரியில் எத்தனை குலை இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். நான் எண்ணியதில் பதினான்கு வந்தது, ஒன்று சக்கரமா குலையா என்று எனக்குச் சந்தேகம்.